கடைசி மெழுகுவர்த்தியின் அடக்கம்

1793 பிப்ரவரி 26, செவ்வாய்

இன்று காய்ச்சிய மாட்டுக் கொழுப்பின் நாற்றம் கடல் தாண்டி பிரான்ஸ் வரை போயிருக்கும். இந்த மாதம் அவர்கள் நம்மீது போர் அறிவித்ததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஹார்ல்பி நகரின் மெழுகுவர்த்திச் சக்கரவர்த்தி, இருட்டின் பரம விரோதி, ஒபதியா ஃபின்ச்சம் ஆகிய நான் காலையிலிருந்து கொப்பரைப் பக்கம் நின்று திரிகளை முக்கி எடுத்ததில் முழங்கை வரை கொழுப்பு. எனக்குக் கொழுப்பு அதிகம் என்று ஊரே சொல்கிறது. தொழிலே அதுதான், என்ன செய்ய.

பக்கத்துக் கடை எனாக் டில்னி மெழுகுவர்த்தி வாங்க வந்தான். செருப்பு தைக்கிறவன். சிரிப்பென்றால் பல்வலி வந்தவன் போல முகத்தை வைத்துக்கொள்வான். என் அப்பா வளர்த்த பன்றி தும்மினால் சர்ச் மணி தானாக அடிக்கும் என்ற சரித்திர உண்மையை அவனுக்கு மறுபடி எடுத்துரைத்தேன். வழக்கம்போல ஒரே சொல்லில் முடித்தான்: "பாதி."

முப்பது வருஷமாக நான் எதைச் சொன்னாலும் அவன் பதில் இதுதான். அவன் பாதியாகக் குறைப்பான் என்று தெரிந்தே நான் இரண்டு மடங்காகச் சொல்கிறேன். கணக்கு நேராகிவிடுகிறது. நாங்கள் இருவரும் சேர்ந்தால் ஓர் உண்மை விளம்பி.

மார்ச் 2

மாஜிஸ்திரேட் ஆஸ்டெல் ஊரிலுள்ள விடுதிக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு வைத்துப் பேசினாராம். ராஜபக்தர் சங்கம் ஒன்று தொடங்கியிருக்கிறார். எவன் விடுதியில் ராஜாவுக்கு எதிராக ஒரு சொல் கேட்டாலும் அவன் வந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் செப்டம்பரில் உரிமம் கிடையாது.

இதைச் சொன்னவன் ரூபன். 'ஏர்க்கலப்பை' விடுதியை நடத்துகிறவன், என் தங்கை மகள் டாமரிஸின் புருஷன். பொய் சொல்லத் தெரியாதவன். பீரில் தண்ணீர் கலக்கும்போதுகூட முகம் சிவந்துவிடும்.

"மாமா, உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன். இந்த ஒரு வருஷம் மட்டும் ராஜா பேச்சு வேண்டாம்."

"நானும் ராஜாவும் ஒரே தொழில்காரங்க, ரூபன். ரெண்டு பேரும் நாட்டுக்கு வெளிச்சம் தர்றோம். அவரைப் பத்தி நான் பேசாம யார் பேசறது?"

"இதைத்தான் சொல்றேன்," என்றான் பாவம்.

டாமரிஸுக்கு ஜூனில் பிரசவம்.

மார்ச் 5

நானும் சங்கத்தில் கையெழுத்துப் போட்டேன். எனக்கடுத்து வந்த மூவர் ஓரத்தில் ஒண்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய கையெழுத்து. ராஜபக்தியை வேறெப்படிக் காட்டுவது?

மார்ச் 12, காலை

தலை ஒரு பூசணிக்காய். ஆனாலும் நடந்ததை எழுதிவிட வேண்டும்.

நேற்று மெழுகுவர்த்தி அடக்கம். பகல் நீண்டுவிட்டதால் இனி விளக்கு வைத்துத் தைக்க வேண்டியதில்லை என்று செருப்புக்காரர்கள் குளிர்காலத்தின் கடைசித் துண்டு மெழுகுவர்த்தியைப் புதைக்கும் நாள். எனாக் ஒவ்வொரு வருஷமும் பழைய தோலில் ஒரு சின்னச் சவப்பெட்டி தைப்பான். ஆறு பேர் தூக்குவார்கள், எடை தாங்காமல் தள்ளாடுவதுபோல. அன்றோடு வியாபாரம் செத்துப்போகும் நான்தான் முக்கியத் துக்கக்காரன். கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு ஏர்க்கலப்பையில் மேஜைமேல் ஏறி இரங்கல் உரை ஆற்றுவேன். பிறகு பெட்டியைப் பின்வாசல் முள்ளங்கிப் பாத்தியில் புதைத்துவிட்டுக் குடிப்போம்.

நேற்று நான் பேசியதைக் கேட்டு முள்ளங்கிகளே அழுதிருக்கும். பேசி முடிக்கும்போது எனாக் கீழேயிருந்து, "கோடை முழுக்க உன் கதி என்னடா?" என்றான். ஒவ்வொரு வருஷமும் அவன் கேட்கிற கேள்விதான். பதில் மட்டும் ஒவ்வொரு வருஷமும் புதிதாக இருக்க வேண்டும்.

நான் சொன்னேன்:

"என்னைக் காப்பாத்த நம்ம ராஜா ஒருத்தராலதான் முடியும். காய்ச்சல்ல விழுந்து எழுந்தார்னா, சந்தோஷத்துல ஊரெல்லாம் ஜன்னலுக்கு ஜன்னல் மெழுகுவர்த்தி. எழாமப் போனார்னா, சர்ச்செல்லாம் கறுப்புத் துணி, நட்டநடுப் பகல்ல மெழுகுவர்த்தி. எழுந்தாலும் எனக்கு வியாபாரம், விழுந்தாலும் வியாபாரம். அதனால மகாராஜா ரெண்டுல எதையாவது ஒண்ணைச் சீக்கிரமாச் செஞ்சு தொலைக்கட்டும்."

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரித்தார்கள். எனாக் "பாதி" என்றான். ரூபன் வாயைப் பொத்திக்கொண்டு பீப்பாய்க்குப் பின்னால் குனிந்துவிட்டான். தோள் குலுங்கியது.

சிரிக்காதவன் ஒருவன்தான். பிக்கெட், சுங்க அதிகாரி. மெழுகுவர்த்திக்கு வரி இருப்பதால் என் கொப்பரையைத் திறக்கவும் பூட்டவும் வருகிறவன். இரண்டு வருஷமாக என் கொழுப்பை அளந்தும் அவனுக்கு நகைச்சுவை ஒட்டவில்லை.

டாமரிஸ் தட்டை மேஜையில் டம் என்று வைத்தாள்.

"உங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா மாமா? லண்டன்ல மேயர் இருக்கார். பிஷப் இருக்கார். அந்தப் பன்றி இருக்கு."

மார்ச் 16

மாஜிஸ்திரேட் வீட்டுக்குக் கான்ஸ்டபிள் அழைத்துப் போனான். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தான். அவன் வீட்டுக்கும் என் மெழுகுவர்த்திதான்.

ஆஸ்டெல் துரை நாற்காலியில், பக்கத்தில் பிக்கெட். நான் பேசியதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தான். என் வாயிலிருந்து வரும்போது எவ்வளவு அழகாக இருந்தது! அவன் வாயில் அது கொலைத் திட்டம் போலக் கேட்டது.

"ராஜா செத்தால் உமக்கு லாபம் என்றீரா இல்லையா?"

"எழுந்தாலும் லாபம்னு சொன்னேன் துரை. அதுதான் பெரிய லாபம். ஜன்னல்கள் சர்ச்சுகளைவிட அதிகம்."

"பிரான்ஸில் ராஜாவின் தலையை வெட்டி இரண்டு மாதம் ஆகவில்லை. நீர் இங்கே சவப்பெட்டியை வைத்துக்கொண்டு நம் ராஜாவின் சாவைப் பற்றிப் பேசுகிறீர்."

அதில் இருந்தது ஒரு துண்டு மெழுகுவர்த்தி என்றேன். அப்படியானால் பெட்டி செய்தவன் யார் என்றார்.

இப்போது எனாக்கின் மேலும் வழக்கு. ராஜ நிந்தனை. எனக்குச் சொல்லுக்காக, அவனுக்குச் சவப்பெட்டிக்காக. ஜூலையில் பெரிய ஊரில் விசாரணை. அதுவரை ஜாமீன்.

மார்ச் 17

எனாக்கிடம் போனேன். தைத்துக்கொண்டிருந்தான். "நம்மள தூக்குல போட்டுருவாங்கடா," என்றேன். நிமிர்ந்து பார்க்காமல் "பாதி" என்றான். ஊசி மட்டும் ஒரு தையல் தவறியது.

ஏப்ரல் 9

வக்கீலைப் பார்த்தேன். எலும்புக்கூட்டுக்குக் கோட்டு மாட்டியது போன்ற மனிதர். ராஜாவின் மரணத்தை மனத்தில் கற்பனை செய்வதே ராஜத் துரோகம் என்று நானூறு வருஷத்துக்கு மேலான சட்டம் ஒன்று இருக்கிறதாம். நல்லவேளை, அதைப் போடவில்லை, அதற்குத் தூக்கு. எங்கள்மேல் போட்டிருப்பது சின்னது, சிறையோடு போகும் என்றார்.

கற்பனை செய்யக் கூடாது. எனக்கிருக்கும் ஒரே சொத்து அதுதான். அதற்கும் ராஜாவே எஜமானரா?

ஏப்ரல் 10

மழை. உலகம் அழியும் அளவுக்கு.

மே 20

ரூபன் கொழுப்புக் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தான். பிறகு சொன்னான்: பிக்கெட் ஒருவன் சாட்சி போதாதாம். விடுதிக்காரனும் வந்து சொல்ல வேண்டுமாம். இல்லாவிட்டால் செப்டம்பரில் ஏர்க்கலப்பை மூடல்.

"காதுல விழலைன்னு சொல்லச் சொல்றா டாமரிஸ்."

"சொல்லிப் பாரு."

"எனக்கு... காதுல விழலை." முகம் நெற்றி வரை சிவந்துவிட்டது. முப்பத்தைந்து வயசு ஆள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. இவன் பொய் சொன்னால் எல்லோருக்கும் தெரியும். எனக்காகப் பொய் சாட்சி சொல்லி இவனும் உள்ளே போனால் அவள் என்ன செய்வாள்? வயிற்றில் ஒன்று. விடுதியும் இல்லாமல்.

"நான் சொன்னதை அப்படியே சொல்லு, ரூபன். ஒரு சொல்லையும் குறைக்காதே. அதுக்குத்தான் எனாக் இருக்கான்."

அவன் அழுதான். கொழுப்பு நெடி கண்ணைக் கரிக்கிறது என்றான். அந்தப் பொய்யையும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஜூன் 4

ராஜாவின் பிறந்தநாள். ஜன்னலுக்கு ஜன்னல் விளக்கு. என் கடையில் ஒரு திரிகூட மிச்சமில்லை. என் வீட்டு ஜன்னல்களில் நான் ஏற்றியதைப் பார்த்துச் சூரியன் ஒரு மணி நேரம் தாமதமாக மறைந்தது.

எனாக்கும் ஏற்றினான். ஆனாலும் அவன் ஜன்னலை உடைத்துவிட்டார்கள். "சவப்பெட்டிக்காரா" என்று கத்தினார்களாம். கல் எறிந்தவர்களில் இரண்டு பேர் அவன் தைத்த செருப்பைப் போட்டிருந்தார்கள். குதிகாலைப் பார்த்தே தெரிந்தது என்றான்.

ஜூன் 19

பெண் குழந்தை. அவள் அழுகைக்குப் பிரெஞ்சுப் படை பின்வாங்கும். தாயும் நலம்.

ஜூலை 26

நேற்று விசாரணை. கை ஓய்ந்திருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

பிக்கெட் ஒப்பித்தான். ஜூரியில் ஒருவர் உதட்டைக் கடித்துக்கொண்டதைப் பார்த்தேன். பன்றி வியாபாரி மாதிரித் தெரிந்தார். இன்னொருவர் மூக்குச் சிந்துவதுபோல முகத்தை மூடிக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். சிரிக்கிற பன்னிரண்டு பேர் ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்புவார்களா?

ரூபனை ஏற்றினார்கள். டாமரிஸ் கைக்குழந்தையோடு கடைசி வரிசையில் நின்றாள்.

"கேட்டவர்கள் சிரித்தார்களா?" என்றார் நீதிபதி.

"சிரிச்சாங்க ஐயா."

"நீ?"

ரூபன் என்னைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். யாரும் எதிர்பார்க்கவில்லை, எனக்கே தெரியாது என்ன சொல்வான் என்று.

"நானும் சிரிச்சேன் ஐயா. இப்ப நெனச்சாலும் சிரிப்பு வருது. ராஜா மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல."

அடடா. அவனை நான் இவ்வளவு நாள் சரியாகவே பார்க்கவில்லை.

நீதிபதி ஜூரி பக்கம் திரும்பி, சிரிப்புதான் சாட்சி என்றார். சொல் போய்ச் சேர்ந்து, கேட்டவர்கள் மனத்தில் ராஜாவின் மதிப்பைக் குறைத்துவிட்டது என்பதற்குச் சிரிப்பைவிட வேறென்ன வேண்டும்? அதன்பின் பன்றி வியாபாரி உதட்டைக் கடிக்கவில்லை. பன்னிரண்டு முகமும் பலகையாகிவிட்டன.

எனாக்குக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். சவப்பெட்டி வருஷா வருஷம் செய்கிறது என்று ஏற்கெனவே நான்கு பேர் சொல்லியிருந்தார்கள். அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் வீட்டுக்குப் போயிருப்பான். வக்கீல் கண்ணைக் காட்டினார்.

இவன் எனக்காகப் பேசினான்.

"ஐயா, இவனை எனக்கு முப்பது வருஷமாத் தெரியும். இவன் எதைச் சொன்னாலும் நாங்க முழுசா எடுத்துக்க மாட்டோம். பாதியாக் குறைச்சுத்தான் எடுத்துக்குவோம். அன்னிக்கும் அப்படித்தான்."

"ராஜ நிந்தனையில் பாதியும் ராஜ நிந்தனைதான்," என்றார் நீதிபதி. "அந்தப் பாதியை நீ எடுத்துக்கொண்டாய் என்கிறாய்."

எனக்கு ஒரு வருஷம் சிறை. அதற்கு முன் சந்தை நாளில் ஒரு மணி நேரம் தொழுமரம். எனாக்குக்கு ஆறு மாதம்.

கூண்டில் என் பக்கத்தில் நின்றவன் காதோரம் சொன்னான்: "பாதி."

ஆகஸ்ட் 5, சிறை

சனிக்கிழமை தொழுமரத்தில் நின்றேன். ஹார்ல்பி சந்தையில், எல்லோரும் பார்க்க. பலகையில் கழுத்துக்கு ஒரு துளை, கைகளுக்கு இரண்டு. அழுகிய முட்டையும் கல்லும் பறக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். கண் போனவர்கள் உண்டு. செருப்புக்காரர்கள் முன்னால் வந்து வட்டமாக நின்றுகொண்டார்கள். வெளியூர்க்காரன் ஒருவன் செத்த பூனையை எறிந்தான். அது ஆஸ்டெல் துரையின் வண்டிக்காரன்மேல் விழுந்தது. வேறெதுவும் வரவில்லை.

சந்தை நிறைய ஆள். எனக்கு எதிரே இவ்வளவு கூட்டம் என்றைக்கும் இருந்ததில்லை. சும்மா இருக்க முடியுமா? பலகையிலிருந்து தலையை நீட்டிச் சொன்னேன்: "பொதுமக்களே, இந்தச் சட்டை கழுத்துல கொஞ்சம் இறுக்கமா இருக்கு. தச்சவன்கிட்டச் சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை.

கேட்கவில்லையோ என்று இன்னும் உரக்கச் சொன்னேன். முன்வரிசையில் ஜெத்ரோ, என் உரைக்கு ஒவ்வொரு வருஷமும் பெஞ்சிலிருந்து உருண்டு விழுகிறவன், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் பிக்கெட்டைப் பார்த்தேன். மேடைப் படியில் நின்றிருந்தான். அவன் பார்த்தது என்னை அல்ல. கூட்டத்தில் யார் வாய் அசைகிறது என்று, ஒவ்வொரு முகமாக.

கல் பரவாயில்லை. கல் எறிந்திருக்கலாம்.

மீதி நேரம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 22

டாமரிஸ் வந்தாள். உரிமம் கிடைத்துவிட்டது. என் கொப்பரையை அவளே காய்ச்சுகிறாள், குழந்தையைக் கூடையில் போட்டு வைத்துக்கொண்டு.

"விடுதி எப்படி இருக்கு?"

"வர்றாங்க. ஆனா குடிக்கறதுக்கு மட்டுந்தான் மாமா வாயத் திறக்கறாங்க."

நவம்பர் 14

இங்கே எலிகள் எல்லாம் நாய் அளவு என்றேன். எனாக் "பாதி" என்றான். அப்புறம் ஒன்று எங்கள் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போனது. "முக்கால்," என்றான். முப்பது வருஷத்தில் முதல் தடவை எனக்குக் கால் பங்கு கூட்டிக் கொடுத்திருக்கிறான்.

டிசம்பர் 30

சிறைக் காய்ச்சல் கீழ்த்தளத்திலிருந்து மேலே வந்துவிட்டது. எனாக் இரண்டு நாளாக எழவில்லை. உடம்பெல்லாம் புள்ளி. ஒன்றுமில்லை, வெறும் குளிர் என்கிறான். நான் தலையை ஆட்டுகிறேன்.

1794 ஜனவரி 3

அவன் பிதற்றுகிறான். தோல் போதாது என்கிறான். எந்தத் தோல்டா?

ஜனவரி 6

இன்று கொஞ்சம் தெளிவாக இருந்தான். ஏதாவது சொல்லு என்றான். பன்றிக் கதையைச் சொன்னேன். தும்மினால் சர்ச் மணி அடிக்கும், குறட்டை விட்டால் ஆற்றில் படகு கவிழும், அது செத்த அன்று மூன்று ஊர் விடுமுறை. இருந்ததையெல்லாம் கொட்டினேன். நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

"முழுசும் எடுத்துக்கறேன்," என்றான்.

டேய், வேண்டாம்டா. அப்படிச் சொல்லாதே.

ஜனவரி 8

எனாக் போய்விட்டான்.

ஜனவரி 9

அவனுடைய ஆறு மாதத்தில் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது. சணல் சாக்கில் சுற்றிக் கொண்டுபோனார்கள். பெட்டி இல்லை. முப்பது வருஷம் மெழுகுவர்த்திக்குப் பெட்டி தைத்தவன்.

நான் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னேன். அவன் கேட்டான், நான் சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது. இதற்குமேல் இதை எப்படி எழுதினாலும் அளவு சரியாக வரவில்லை.

ஜூன் 16

கடற்படை ஜெயித்த செய்தி. சிறை ஜன்னல்களிலும் விளக்கேற்ற உத்தரவு. கட்டுக்கட்டாக மெழுகுவர்த்தி வந்து இறங்கியது. திரியின் முடிச்சைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, எங்கள் கடை. டாமரிஸ் இன்னும் திரியை இறுக்கமாக முறுக்குகிறாள். புகை வருகிறது.

நன்றாக எரிந்தன.

ஜூலை 27

வீடு. ரூபன் வண்டி கொண்டு வந்திருந்தான். குழந்தை என்னைப் பார்த்து அழுதது.

சாப்பாட்டுக்குப் பிறகு டாமரிஸ், "மாமா, அந்தப் பன்றிக் கதையச் சொல்லுங்க. அவ கேட்டதே இல்ல," என்றாள். ரூபன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"எங்க அப்பா ஒரு பன்றி வளர்த்தார்," என்றேன்.

அவர்கள் காத்திருந்தார்கள்.

"சுமாரான பன்றி."

டாமரிஸ் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அக்டோபர் 11

ஆஸ்டெல் துரை கடை வழியாகப் போனவர் குதிரையை நிறுத்தி, நான் மிகவும் நிதானமாகிவிட்டேன் என்று ஊரில் பேசிக்கொள்வதாகச் சொன்னார். ஆமாம் துரை என்றேன்.

1795 மார்ச் 10

நேற்று செருப்புக்காரர்கள் விளக்கு வேலையை முடித்தார்கள். ஏர்க்கலப்பைக்கு வந்தார்கள். தோல் பெட்டி இல்லை, தூக்குகிறவர்கள் இல்லை. ஜெத்ரோ கடைசித் துண்டு மெழுகுவர்த்தியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தான். அவ்வளவுதான். எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் பிக்கெட்.

"மாமா, ரெண்டு வார்த்தை," என்றான் ரூபன்.

மேஜைமேல் ஏறவில்லை. நின்ற இடத்திலேயே சொன்னேன்:

"இது மெழுகுவர்த்தி. குளிர்காலம் முழுக்க எரிஞ்சுது. விரல் நீளம் மிச்சம் இருக்கு."

உட்கார்ந்துவிட்டேன். கதவோரப் பெஞ்சில் எனாக் உட்காரும் இடத்தில் யாரும் உட்காரவில்லை. எல்லோரும் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தார்கள். நான் காது கொடுத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

"நல்லாப் பேசினீங்க, மிஸ்டர் ஃபின்ச்சம்," என்றான் பிக்கெட்.

முள்ளங்கிப் பாத்தியில் யாரும் குழி தோண்டியிருக்கவில்லை. துண்டை நான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இன்று காலை கடை திறந்ததும் எடுத்து விரலோடு வைத்துப் பார்த்தேன்.

பாதிதான் இருந்தது.